மஞ்சக்காமாலைன்னு சொல்லியிருந்தோம்

என் தம்பி என்னைத் திட்டிட்டான். "இதெல்லாம் ஒரு டீயாக்கா? கழனித்தண்ணியச் சுட வச்சு ஊத்துன மாதிரி இருக்கு, இதைப் போயி வாங்கிட்டு வந்தியாக்கும்"னு, இன்னும் கம்மிப்போயிருக்கிற அந்தத் தொண்டையிலயே கேட்டுட்டு, பேப்பர் கப்பை என் கையிலயே திருப்பித் திணிச்சுட்டு, மூஞ்சியச் சுளிச்சபடிக்கே டாக்டரம்மா ரூமுக்குள்ள போயிட்டான். கதவும் சாத்தியாச்சு. நான் வெளிய வராண்டாவுல, இரும்பு பெஞ்சுல, ஆறிப்போன டீய வச்சுக்கிட்டு ஈன்னு இளிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். எதுக்க நிக்கிற செக்யூரிட்டி அண்ணன் ஒரு மாதிரியாப் பாக்குறாரு. பாத்துட்டுப் போகட்டும். மனநலப் பிரிவு வாசல்ல ஒருத்தி தானாச் சிரிச்சா அவரு என்ன நெனப்பாருன்னு எனக்குத் தெரியாதா, நெனச்சுக்கட்டும், எனக்கென்ன வந்துச்சு, என் தம்பி தவமணி என்னைத் திட்டிட்டான்யா, அதைக் கூப்பிட்டுச் சொல்லணும் போல இருக்கு அவருகிட்ட. ஐ.சி.யூவுல தொண்டைக்குழாயை எடுத்து, கண்ணு முழிச்சதுல இருந்து இவன் வாயில வந்தது ஒரே ஒரு வார்த்தைதான். சரி. இட்லி சாப்பிடுறியாடா, சரி. வேணாமா, சரி. ஃபேனைப் போடவா, சரி. அமத்தவா, சரி. அப்பாவ வரச் சொல்லவா, சரி. போகச் சொல்லவா, அதுக்கும் சரி. அட என்னடா இது, பொம்மை கூட அமுக்குனா ரெண்டு விதமாக் கத்தும். அந்தச் சரியக் கேக்கக் கேக்க எனக்கு ஈரக்கொலை நடுங்கும், ஏன்னா அன்னைக்கும், தன் உயிரைத் தானே எடுத்துக்கப் போன அன்னைக்கும், காலையில நான் போனைப் போட்டு ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வாடா கறி எடுக்குறேன்னப்ப இதே சரியத்தான் சொன்னான். சத்தம் கூட மாறல. அதனாலதான், இன்னைக்கு இவன் மூஞ்சியச் சுளிச்சது எனக்குத் திருவிழா. புடிக்கலைன்னு சொல்லிட்டான். ஒண்ணு புடிக்கலைன்னா இன்னொண்ணு புடிக்கும்னுதானே அர்த்தம், அப்படித்தானே, நான் ஒண்ணும் படிச்சவ இல்ல, பிளவுசு தைக்கிறவ, ஆனா இது எனக்குத் தெரியும். கை சரியில்லைன்னு சண்டைக்கு வர்றவதான் திரும்பத் துணி குடுப்பா. பேசாம வாங்கிட்டுப் போனவ வரவே மாட்டா.

பால் டீ குடுக்கக்கூடாதுன்னு இத்தனை நாளு தடுத்து வச்சிருந்ததே நாங்கதான், அதை நெனச்சா இன்னும் சிரிப்பா வருது, அழுகையாவும் வருது, ரெண்டும் ஒரே வாசல்ல முட்டிக்கிட்டு நிக்கிது. மஞ்சக்காமாலைன்னு சொல்லியிருந்தோம்ல. அப்பா ஆரம்பிச்சது. அன்னைக்கு அவசரப் பிரிவு வாசல்ல, உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாம நாங்க நின்னுக்கிட்டிருந்தப்ப, உசிலம்பட்டியில இருந்து விருதம்மா அத்தை, அப்பாவோட தங்கச்சி, போனு. என்னண்ணே ஆஸ்பத்திரியிலயாம்ல, தவத்துக்கு என்ன? அப்பாவுக்கு வாய் திக்குது. எதுக்கச் செவுத்துல ஒரு நோட்டீசு, தண்ணியக் கொதிக்க வச்சுக் குடியுங்கள், மஞ்சள் காமாலையைத் தடுங்கள். அம்புட்டுத்தான். அதைப் பாத்துக்கிட்டே அப்பா, மஞ்சக்காமாலை தாயின்னுட்டாரு. நோட்டீசுல வேற எதையாவது போட்டிருந்தா அதைச் சொல்லியிருப்பாரு, கொசுவப் பத்திப் போட்டிருந்தா டெங்கு, நாயப் பத்திப் போட்டிருந்தா நாய்க்கடி. ஆனா பாருங்க, மத்த நோயின்னா நாலு பேரு வந்து ஆரஞ்சு குடுத்துட்டுப் போயிருவாக. மஞ்சக்காமாலைன்னா ஊருல ஒவ்வொருத்தரும் டாக்டரு. வார்டுக்கு மாத்துன மறுநாளே வந்துட்டாக, கீழாநெல்லிய அரைச்சு உருட்டி ஒருத்தி, ஆட்டுப்பாலு ஒருத்தி, மோருல கலந்து ஒருத்தி. வந்தவக எல்லாரும் கேக்குற முதக் கேள்வி, ரத்தத்துல மஞ்ச எத்தனை பாயிண்டு? எனக்கென்ன தெரியும் எத்தனை பாயிண்டுன்னு. ஒருத்தர்கிட்ட எட்டுன்னேன். இன்னொருத்தர்கிட்ட பதினொண்ணுன்னேன். அவக ரெண்டு பேரும் பஸ் ஸ்டாப்புல பேசிக்கிட்டு, ஏறிக்கிட்டே போகுதுடி அந்தப் பயலுக்குன்னு ஒப்பாரி வைக்காத குறை. உப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது, பாலு ஆகாதுன்னு அத்தை கட்டில் பக்கத்துலயே காவலுக்கு உக்காந்துக்கிச்சு. இவனும் உப்பில்லாக் கஞ்சியக் குடிச்சான். சரின்னான். அத்தை அவன் கண்ணு எமையக் கீழ இழுத்துப் பாத்து, இறங்குது மருமகனே, மஞ்ச இறங்குதுன்னு சொல்லிச்சு பாருங்க, அப்ப அவன் என்னையப் பாத்தான். ஒரே ஒரு பார்வை. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். கடைசியில ஸ்டெல்லா சிஸ்டர்தான் கத்துனாங்க, யாரும்மா இவருக்கு உப்பில்லாம குடுக்கிறது, இவருக்கு எதுக்கு உப்பை நிறுத்துறீங்கன்னு. அத்தை அந்தப் பக்கம் டாய்லெட்டுக்குப் போயிருந்துச்சு, தப்பிச்சோம். ஆனா தப்பிச்சது யாரு? ஈரலை விசாரிச்சாக, கண்ணை விசாரிச்சாக, மூத்திரம் என்ன கலர்ல போகுதுன்னு கூட கூசாம விசாரிச்சாக. இவனை யாரு விசாரிச்சா. இத்தனை சனம் வந்துட்டுப் போயி, இவன் மனசு எப்படியிருக்குன்னு ஒரு நாதி கேக்கல. நானும் கேக்கல. அதான் இப்ப நெஞ்சுக்குள்ள கெடந்து குதிக்கிது. கேக்கணும். இன்னைக்குக் கேக்கணும்.

டாக்டரம்மா பேரு நஸ்ரின். சின்னப் பொண்ணுதான், என் கடைக்கு வந்தா நான் வா கண்ணுன்னு கூப்பிடுவேன், அந்த வயசு. நேத்து என்னைத் தனியாக் கூப்பிட்டு உக்கார வச்சு, ஒடம்பு தேறிருச்சும்மா, நாளைக்கு அவர்கூட ஒரு தடவை பேசிட்டு வீட்டுக்கு அனுப்பலாம்னு பாக்குறேன், ஆனா வீட்டுல ஒருத்தராவது அவர்கிட்ட இதைப் பத்தி நேராப் பேசுறவங்க இருக்கணும், நீங்க பேசியிருக்கீங்களான்னு கேட்டுச்சு. எதைப் பத்தின்னேன். தெரியாத மாதிரி. அது விடல. சாகணும்னு இன்னும் தோணுதான்னு கேட்டிருக்கீங்களா? ஆத்தாடி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அதை எப்படி டாக்டர் கேக்குறது, மறந்து போயிருக்கிறவனுக்கு நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிராதான்னு கேட்டேன். அந்தப் பொண்ணு பேனாவ மூடி வச்சிருச்சு. "நீங்க எடுத்துக் குடுக்கிறதுக்கு என்ன இருக்கு, அவருகிட்ட இருக்கிறதுதானே அது. கேக்குறதால யாருக்கும் புதுசா அந்த எண்ணம் வராதும்மா. கேட்டா கொஞ்சம் இறக்கி வைப்பாங்க. சுத்தி வளைக்காம, அந்த வார்த்தையச் சொல்லியே கேளுங்க. அவரு என்ன சொன்னாலும் பதறாதீங்க, சத்தியம் வாங்காதீங்க, அழுது அவரைச் சமாதானம் பண்ண வைக்காதீங்க. கேட்டுட்டு, கூட இருங்க." நல்லாத்தான் சொல்லிச்சு. அதுக்கென்ன, அது எங்க வீட்டுல பொறக்கல. எங்க வீட்டுல அந்த வார்த்தைய விளக்கு வச்சப்புறம் சொன்னா வாயிலயே போடுவாக. சாவு வீட்டத் துட்டி வீடும்பாக, சாவப் பெரிய காரியம்பாக, எங்கம்மா போனதைக் கூட இன்னைக்கு வரைக்கும் எங்கப்பா அது ஆயிப்போச்சும்பாரு. இந்த லட்சணத்துல மத்த நேரமெல்லாம் வாயத் தொறந்தா அதே பேச்சுத்தான், வெயில்ல செத்தேன், சிரிச்சே செத்தேன், உசிர எடுக்காதடா, என்னைச் சாகடிக்கவே பொறந்தியா. இவனையே எத்தனை தடவை அப்படிச் சொல்லியிருப்பேன். அன்னைக்குல இருந்து அதையெல்லாம் அரிசியில கல்லுப் பொறுக்குற மாதிரி பொறுக்கிப் பொறுக்கித்தான் பேசுறேன். நேத்து இ.சி.ஜி எடுக்க வந்த பையன், பேட்டரி செத்துப்போச்சு சிஸ்டர்னான். நானும் அப்பாவும் சிலை மாதிரி நின்னுட்டோம். தவம் மட்டும் லேசா உதட்டைச் சுழிச்சான், அது சிரிப்பா என்னன்னு எனக்கு ராத்திரி பூராம் யோசனை.

இப்ப ஒத்திகை. தம்பி, உனக்கு இன்னும்... சீ, தம்பின்னு ஆரம்பிக்கக்கூடாது, நான் தம்பின்னா ஏதோ கெட்ட சேதின்னு அவனுக்குத் தெரிஞ்சுபோகும், எப்பவும் டேய்தான். டேய், உனக்கு இன்னும் அந்த மாதிரி... அந்த மாதிரின்னா எந்த மாதிரி, வார்த்தையச் சொல்லுடி மங்கை. மங்கையர்க்கரசின்னு பேரு வச்சிருக்காக, தெருவுல குடிதண்ணி வரலைன்னா கவுன்சிலர் வீட்டு வாசல்ல நின்னு நாக்கப் புடுங்குற மாதிரி கேக்குறவ, ஒரு கேள்வி கேக்க நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிருது. பேப்பர் கப்பு இன்னும் கையிலயே இருக்கு. கொண்டு போயி குப்பைத் தொட்டியில போட்டுட்டு வந்தேன். வந்து உக்காந்தா, அப்பா வர்றாரு. பஸ் ஓட்டி ரிட்டயர்டு ஆனவரு, இன்னும் நடக்குறதே ரோட்ட அளக்குற மாதிரி நடப்பாரு, ஆனா இந்த ஆஸ்பத்திரிக்குள்ள மட்டும் செவுத்த ஒட்டியே நடக்குறாரு. மாத்திரை வாங்கப் போனவரு. பையை என் மடியில வச்சுட்டு, இன்னும் வரலையான்னு கேட்டாரு. வரல. டீ நல்லால்லைன்னு என்னைத் திட்டிட்டுப் போனான்ப்பா. உள்ள என்னதான் பேசுவாக இம்புட்டு நேரம்? பேசுவாகப்பா. அதையே கிண்டிக்கிட்டிருப்பாகளோ? நான் அவரு மூஞ்சியப் பாத்தேன். ஷேவ் பண்ணாம வெள்ளை வெள்ளையா முளைச்சுக் கெடக்கு. சொல்லிட்டேன், சட்டுன்னு, நான் இன்னைக்குக் கேக்கப் போறேன்ப்பா. என்னத்த? இன்னும் சாகணும்னு தோணுதான்னு. அப்பா துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டாரு. என் வாயைப் பொத்த வேண்டியது, அவரு வாயைப் பொத்திக்கிட்டாரு. அப்புறம் மெதுவா, "வேணாத்தா. இப்பத்தான் ஏதோ வாயத் தொறந்து பேசுறான்ங்கிற. அதைக் கேட்டுக் கெடுத்துறாத. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம், கோயில்ல ஒரு கயித்தக் கட்டுவோம், கறி ஆக்கிப் போடுவோம், அப்படியே மறந்துரட்டும். நீயும் மறந்துரு." மறக்குறதாம்ல. கயிறு கட்டுங்க, வேணாங்கல, நானே வந்து கட்டுறேன், கறியும் ஆக்குவோம், ஆனா கயித்தக் கட்டிட்டு வாயையும் சேத்துக் கட்டிட்டா என்னப்பா பண்றதுன்னு கேட்டேன். அவரு துண்டை மடிச்சுத் தோள்ல போட்டாரு. நாலு பேரு காதுல விழுந்தா அவனுக்குத்தானே கேவலம்னாரு. இந்த மனுசன அடிக்கவும் முடியல, அணைக்கவும் முடியல. அவன் ஐ.சி.யூவுல கெடந்தப்ப பார்க்கிங்ல எவனோ நிறுத்தியிருந்த பைக்கு மேல தலையச் சாச்சு அழுதுக்கிட்டிருந்தவருதானே. அவரு பயமும் என் பயமும் ஒரே பயந்தான், அவரு அதைப் பூட்டி வைக்கணும்ங்கிறாரு, நான் தொறந்து பாக்கணும்ங்கிறேன்.

ஏன் இன்னும் வரல. கதவுக்குக் கீழ ஒரு இடுக்கு இருக்கு, அதுல அவன் செருப்பு நெழலு அசையுதான்னு குனிஞ்சு பாத்தேன், செக்யூரிட்டி அண்ணன் இப்ப நேராவே பாக்குறாரு. தெரியல ஒண்ணும். அழுகுறானோ. அழுதா நல்லதா கெட்டதா? நல்லதுதான்னு வச்சுக்குவோம். இப்படிக் காத்துக்கிட்டிருக்கிறதும் நல்லாத்தான் இருக்கு ஒரு பக்கம், பரீட்சை ரிசல்ட்டு வர்ற காலை மாதிரி, நான் பத்தாவதோட நின்னவ, ஆனா அந்தக் காலையில இருந்த சந்தோசம், பாஸாயிருவோம் பாஸாயிருவோம்னு, ஃபெயிலானது அப்புறம்ல. சீ, எதுக்கு அதை நெனைக்கிறேன். வீட்ட நெனைப்போம். எங்க வீட்டுக்குத்தான் வரப்போறான், எல்லாம் சரி பண்ணியாச்சு. டாக்டரம்மா சொன்ன மாதிரி எங்கூட்டுக்காரரும் நானும் நேத்து சாயங்காலமே வீட்டச் சுத்தி வந்து, ஆபத்தானது எதுவும் கைக்கெட்டுற எடத்துல இல்லாம எடுத்துட்டோம், மாத்திரைப் பையி இனிமே அவரு பீரோவுல, சாவி அவரு இடுப்புல. நடு ரூமுல கட்டிலு, சன்னல் பக்கமா. தனி ரூமு வேணாம்னு சொல்லிட்டேன், என் மக அவன்கூட சண்டை போட்டுக்கிட்டே டிவி பாக்கட்டும். வாராவாரம் இங்க வரணும், மாத்திரை வேலை செய்யக் கொஞ்சம் வாரம் ஆகும், நடுவுல நல்லாயிட்டேன்னு நிறுத்தக்கூடாது, செவுத்துல ஒட்டியிருக்கிற இந்த 14416 உதவி நம்பர எப்ப வேணா கூப்பிடலாம், எல்லாம் மனப்பாடம். ஏன் பண்ணான்னு மட்டும் மனப்பாடம் ஆக மாட்டேங்குது. அதைப் புடிச்சுக்கிட்டு எத்தனை சுத்து சுத்திட்டேன். வேலை பாத்த கம்பெனியில ஆள் குறைச்சதா? அவன் பழகுன பொண்ணு வேற எடம் பாத்துக்கிட்டுப் போனதா? நாங்க அதைக் கிண்டல் பண்ணதா? தூக்கம் வரலக்கான்னு ஒரு நாள் சொன்னானே, செல்லை நோண்டாம படுடான்னேனே, அதா? டாக்டரம்மா ஒரு காரணம்னு இருக்காதும்மா, பல நாளு சேந்து மனசு நோயில விழுந்திருக்கு, காய்ச்சல் மாதிரி இதுவும் நோயிதான், குத்தவாளியத் தேடாதீங்கன்னு சொல்லிச்சு. நோயின்னா சொல்லலாம்ல. மஞ்சக்காமாலைய ஊரு பூராம் சொன்னோமே, இதை ஏன் ஒருத்தர்கிட்ட சொல்லல. அதுக்கு எத்தனை பாயிண்டுன்னு கேட்டாக. இதுக்கும் கேட்டாத்தானே தெரியும் எத்தனை இருக்குன்னு. கேக்கணும். இல்லைன்னு சொல்லிட்டான்னா? நம்பலாமா? ஆமான்னு சொல்லிட்டான்னா? அய்யோ, ஆமான்னு சொல்லிட்டான்னா நான் என்ன பண்ணுவேன், பதறாதீங்கன்னுச்சே அந்தப் பொண்ணு, பதறாம இருக்கிறதுக்கு மாத்திரை எழுதிக் குடுத்துச்சா எனக்கு.

கதவு தொறந்துருச்சு. முதல்ல டாக்டரம்மா தலை, கொஞ்சம் உக்காருங்க, எழுதி முடிச்சுட்டுக் கூப்பிடுறேன்னுட்டு உள்ள போயிருச்சு, போறப்ப என்னை ஒரு பார்வை பாத்துச்சு, என்ன பார்வைன்னு தெரியல. அடுத்து இவன். கண்ணு செவந்திருக்கு. அழுதிருக்கான். வந்து எனக்கும் அப்பாவுக்கும் நடுவுல உக்காந்தான். சட்டையில ஆஸ்பத்திரி டெட்டால் வாடை. முழங்கை என் மேல இடிக்கிது, ஒடம்பு சூடா இருக்கு, உசிரோட சூடா என் தம்பி என்னை இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். அப்பா, பசிக்குதாய்யான்னாரு. சரின்னான். போச்சு, திரும்பவும் சரி. கேட்டதுக்கும் சொன்னதுக்கும் சம்பந்தமே இல்ல. எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல, ஒத்திகை பாத்தது எதுவும் வாயில வரல, என் கடைச் சத்தத்துல, தெருச் சத்தத்துல, "டேய் தவம், உனக்கு இன்னும் செத்துப்போகணும்னு தோணுதாடா?"ன்னு கேட்டுட்டேன். வராண்டாவே திரும்புச்சு. அப்பா, ஏய்னு எந்திரிச்சுட்டாரு, கை ஓங்குற மாதிரி. செக்யூரிட்டி அண்ணன் வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு, நல்ல மனுசன். தவம் கீழயே பாத்துக்கிட்டு இருந்தான். அம்புட்டு நேரம் இருந்தான், எனக்கு அந்த நேரத்துல என் பிள்ளையப் பெத்த வலியெல்லாம் திரும்ப வந்துட்டுப் போச்சு. அப்புறம் சொன்னான். "தோணுது."

பதறாத. பதறாத. அப்பா நின்ன எடத்துலயே நிக்கிறாரு. நான் பெஞ்சு விளிம்பப் புடிச்சுக்கிட்டேன். இப்பவாடா? இப்ப இல்லக்கா. விடியக்காலையில முழிப்பு வரும்ல, அப்ப நெஞ்சுல வந்து உக்காரும். வெளிச்சம் வந்தா கொஞ்சம் எந்திரிச்சுப் போகும். முன்னெல்லாம் நாள் பூராம் உக்காந்திருந்துச்சு. டாக்டர்கிட்ட சொன்னியா? சொன்னேன். அவங்களும் இப்படித்தான் கேட்டாங்க, ஆனா இப்படிக் கத்தல. அவன் சொல்லிக்கிட்டே போறான். முழு முழு வாக்கியமா. என் தம்பி சரியைத் தவிர வேற வார்த்தையெல்லாம் வச்சிருந்திருக்கான், உள்ளயே அடுக்கி வச்சிருந்திருக்கான். எனக்கு அழுகை முட்டுது, அவனைச் சமாதானம் பண்ண வைக்கக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். எங்கிட்ட ஏண்டா சொல்லல இத்தனை நாளா? நீ கேக்கலையேக்கா. குத்திக் காட்டுற மாதிரி இல்ல, மணி என்னன்னு சொல்ற மாதிரிதான் சொன்னான். அப்பா மெல்ல உக்காந்தாரு. உக்காந்து, அவன் தொடை மேல கைய வச்சாரு. எடுக்கவே இல்ல. எனக்குப் பயந்தான், தோணுதுன்னு சொல்லிட்டானே, பயம் இல்லாம எப்படி, ஆனா அந்தப் பயத்துக்கு மேல ஏறி நின்னுக்கிட்டு ஒரு சந்தோசம் கெடந்து குதிக்கிது, சொல்லிட்டான், என்கிட்ட சொல்லிட்டான், கேட்டேன் சொல்லிட்டான். உள்ள இருந்து டாக்டரம்மா, தவமணி கூட வந்தவங்க வாங்கன்னுச்சு. எந்திரிச்சேன். என் முந்தானையப் புடிச்சு இழுத்தான், சின்னப் பிள்ளையில இழுப்பான்ல, அப்படி. "அக்கா, நாளைக்கும் கேளு"ன்னான். கேக்குறேன்டா. நாளைக்குக் கேக்குறேன், நாளான்னைக்குக் கேக்குறேன், விடியக்காலையில உனக்கு முன்னாடி எந்திரிச்சு வந்து உக்காந்து கேக்குறேன், போதும் வாய மூடுக்கான்னு நீ கையெடுத்துக் கும்பிடுற வரைக்கும் கேக்குறேன்.